தலைகீழாகப் போட்ட அம்பு

என் மனைவி புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். ஏணி பிடித்தவன் நான்தான், பிடித்த லட்சணம்தான் சரியில்லை.

துருவத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டுகளை மைனஸ் இருபத்தைந்து டிகிரி அறையில் ரம்பத்தால் அறுப்பது என் வேலை. பனிக்குள் குமிழிகளாக அடைபட்ட பழங்காலக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அளப்பது அவள் வேலை. அவளுக்கு டாக்டர் பட்டம். எனக்கு ஆய்வகத்தார் வைத்த பட்டம் ‘ரம்பம்’. அறுவை இயந்திரத்தால் மட்டும் வந்த பெயர் அல்ல அது.

ஒவ்வொரு மீட்டர் துண்டிலும் மேல்பக்கம் எது என்று பேனாவால் அம்பு போட்டிருப்பார்கள். அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் கிடங்கில் வைத்துவிட்டு மறுபாதியைச் சீவுவேன். சீவினால் அம்பு போய்விடும், உடனே புதிதாகப் போட வேண்டும். ஒரு நாள் சீவி முடித்த நேரம் போன் அடித்தது, வெளியே வந்து எடுத்தேன். குளித்த ஈரத்துண்டை வீட்டில் கட்டிலில் போட்டுவிட்டு வந்ததற்கு என் மனைவி பத்து நிமிடம் வெளுத்து வாங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், வந்த கோபத்தில் அம்பைக் கிறுக்கினேன்.

நாலு மாதம் கழித்து அவள் தலைகால் புரியாமல் ஆடினாள். மெல்ல ஏறிவந்த வாயு திடீரென்று எகிறி, பிறகு இறங்கி, மறுபடி எகிறியதாம். அவள் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வக இயக்குநர் பாராட்டுக் கூட்டம் வைத்தார்.

கூட்டத்தன்று காலையில்தான் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்த அவளுடைய வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு எகிறலுக்கும் இன்னொரு எகிறலுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். கிடங்குக்கு ஓடினேன். அந்த மீட்டரின் சீவாத பாதியில், பழைய அம்பின்படி, எரிமலைச் சாம்பல் கோடு ஒன்று மேல்முனையில் இருந்தது. அவளுடைய குறிப்பில் அதே கோடு கீழ்முனையில்.

அதை வாஷ்பேசினில் போட்டு வெந்நீரைத் திறந்தால் சாட்சி காலி. சத்தியமாக யோசித்தேன், இரண்டு நிமிடம். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து அவள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“அம்பை மாத்திப் போட்டுட்டேன்மா. நான்தான்.”

அவள் கோட்டைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். அவள் எழுந்து நேராகக் கூட்டத்துக்குப் போனாள்.

“என் முடிவு தப்பு. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்” என்றாள். என் பெயரே வரவில்லை. இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே வந்ததும் கையைப் பிடித்தேன். “என்னைச் சொல்லியிருக்கலாமே? கெடுத்தது நான்தானே?”

“நீ ஒரு அம்பைத்தான் மாத்திப் போட்ட. துண்டு ஆரம்பிக்கிற இடத்துல ஒண்ணு, முடியற இடத்துல ஒண்ணுன்னு எகிறியிருக்கு. முதல் வருஷப் பிள்ளைகூட சந்தேகப்படும். நான் பாத்தேன். பாத்துட்டு, சந்தோஷத்துல மூடி வெச்சுட்டேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போய் அடுத்த துண்டை அறு” என்றாள்.