எந்த நாடானாலும்

ஔந்த் பகுதியில் வெளிநாட்டு விமானப் பயிற்சிக்கு வழி சொல்லும் ஓர் ஆலோசனை மையத்துக்கு, மாதவும் அப்பா அம்மாவும் மூன்று பேருமாகப் போயிருந்தார்கள். மாதவுக்கு விமானி ஆக வேண்டும். எந்த நாட்டில் படிப்பது என்பதுதான் பாக்கி. நியூசிலாந்தா, தென்னாப்பிரிக்காவா, அமெரிக்காவா என்று வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. ராணுவக் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அவன் அப்பா ஜம்புநாதன், நியூசிலாந்துதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அம்மா விசாலாக்ஷிக்கு எந்த நாடானாலும் தூரம்தான்.

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். எங்கே வேண்டுமானாலும் பறக்கக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் திரும்பி வந்து அதை இந்திய லைசென்ஸாக மாற்றினால்தான் இங்கே வேலை. அதற்குப் பரீட்சை எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும், இந்த நாட்டு மெடிக்கல் சோதனையிலும் தேற வேண்டும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே மெடிக்கலை முடித்துவிடுவது நல்லது என்றவர், "சின்ன வயதில் ஆஸ்துமா, வலிப்பு, ஆபரேஷன் ஏதாவது உண்டா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஒன்றும் கிடையாது." கேள்வி முடிவதற்குள் ஜம்புநாதன் பதில் சொல்லிவிட்டார்.

விசாலாக்ஷி குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

எட்டு வயதில் மாதவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. காய்ச்சலும் இல்லை, அடியும் படவில்லை. டாக்டர் மூன்று வருஷம் மாத்திரை கொடுத்தார். வைட்டமின் என்று சொல்லிச் சொல்லியே விழுங்க வைத்தார்கள். பிறகு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்யுமே என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லாமலே பழகி, அவர்களுக்கே அது நடக்காதது மாதிரி ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் மாதவ் ஜிம்முக்குப் போனதும் அவள் ஆரம்பித்தாள்.

"ஏன்னா, டாக்டர் கேட்டா என்ன சொல்லப் போறேள்?"

"இத்தனை வருஷமா வரலை. இனிமே ஏன் வரணும்?"

"வராதுன்னு யார் எழுதிக் குடுத்தா?"

"அவன் ஆசைல மண்ணைப் போடாதே விசாலம். அவனுக்கே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லுவான்? பொய் சொன்னதாவும் ஆகாது."

அந்த அளவுக்கு யோசித்து வைத்திருக்கிறாரே என்று அவளுக்குத் திக்கென்றது.

மறுநாள் காப்பி குடிக்கும்போது ஜம்புநாதன் நியூசிலாந்தைக் கைவிட்டார். இதுவரை யாருமே பேசாத ஒரு நாட்டின் பெயரைச் சொன்னார். அங்கே மெடிக்கலில் ரொம்பக் குடைய மாட்டார்களாம்.

மாதவ் சிரித்தான். "அரே அப்பா, எந்த கன்ட்ரி போனாலும் கன்வர்ஷனுக்கு இங்கதானே வரணும்? உனக்கு என்ன ஆச்சு?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

விசாலாக்ஷியை அரித்தது வேறொன்று. கொஞ்ச நாள் ஓட்டிப் பழகியதும், கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் இறங்கிக்கொள்வாராம். குட்டி விமானத்தில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டுமாம். மாதவே கண்கள் மின்னச் சொன்னது. மேலே தனியாக இருக்கும்போது அது வந்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை ஜம்புநாதன் காய்கறி வாங்கப் போனதும், மகனின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அப்போ அது வைட்டமின் இல்லை," என்றான் கடைசியில்.

"இல்லைடா."

"எனக்கு பத்து வயசுல லோஹ்காவ் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிண்டு போய் பிளேன் காமிச்சேள். அப்பவே தெரியும் உங்களுக்கு. தெரிஞ்சுண்டே ஆசைப்பட விட்டேள், நீங்க ரெண்டு பேரும்."

சமாதானமாகச் சொல்ல அவள் என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தாள். எழுந்து போய் அவனுக்குக் காப்பி கலந்தாள்.

மெடிக்கலுக்கு அவன் தனியாகப் போனான். நானும் வரேனே என்றவளை, வேண்டாம் என்று கையால் தடுத்தான். டாக்டரிடம் உள்ளதைச் சொன்னான். அவர் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் விஷயம் மேலே போய், மாதக்கணக்கில் இழுத்தது. அந்த மாதங்களில் ஜம்புநாதன் மனைவியிடம் உப்புப் போதவில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். மாதவ் பரீட்சைப் புத்தகங்களைப் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மழைக்காலத்தில் முடிவு வந்தது. தகுதி இல்லை.

ஜம்புநாதன் பால்கனிக்குப் போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டார். விசாலாக்ஷி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாதவ் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"அம்மா, முதல்ல எங்க விழுந்தேன்?"

"ஆகுர்டி மார்க்கெட்ல. அப்பாவோட போயிருந்தே."

"அப்புறம்?"

"ரிக்ஷாக்காரன் ஒருத்தனும் நிக்கலை. உன்னைத் தூக்கிண்டு அப்பா ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியே போயிருக்கார். செருப்பு எங்கே போச்சுன்னே தெரியலை. நான் போய்ப் பார்க்கறச்சே நர்ஸ் உன்னைக் குடுங்கோன்னு கேக்கறா, இவர் கையை விட்டு இறக்கவே மாட்டேங்கறார்."

அவளை மாதவ் இன்னும் மன்னிக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவன் பால்கனிப் பக்கம் போனான்.

அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உள்ள வாப்பா," என்றது மாதவின் குரல். "சாரல் அடிக்கறது."