பின்கதவுச் சங்கிலி

காளியண்ணனின் உதடு வீங்கியிருந்தது. அதைக் காட்டித்தான் கோயில் முன்னால் திருவிழாவுக்கான ஊர்க்கூட்டம் தொடங்கியது.

"நோம்பி முடியிற வரைக்கும் உன்ற பையனைக் கட்டிப் போட்ரு மாதேசு. சங்கிலி நானே கொண்டாந்துட்டேன்."

மாதேஸ்வரன் சங்கிலியைப் பார்த்தான். அது அவனுடைய பிக்கப் வண்டியின் பின்கதவில் தொங்குவது. மலையிறங்கும்போது மரவள்ளிக் கிழங்கு சரியாமல் பிடிப்பது.

"என் வண்டியிலயே கழட்டுனீங்களாண்ணே?"

"உன் பொருளு, உன் பையனுக்கு." சிலர் சிரித்தார்கள்.

மகன் அருளுக்குப் பதினேழு வயது. ஆட்டிசம். பேச்சு வராது. கொதிப்பு வந்தால் அடிப்பான், கடிப்பான், தன் தலையையே சுவரில் மோதிக்கொள்வான். நேற்று ஸ்பீக்கரைச் சோதித்தபோது அலறிக்கொண்டு ஓடினான். காளியண்ணன் பிடித்து இறுக்கினார். அவன் திமிறியதில் அவர் உதடு கிழிந்தது.

"மாத்திரைக்கே அடங்கலையே" என்றார் ஊர்க்கவுண்டர் குப்புசாமி, வருத்தமாகத்தான். "பொறகு வேற என்னய்யா வழி?"

இதே கேள்வியை மாதேஸ்வரன் சேலத்தில் டாக்டர் சுமித்ராவிடம் கேட்டிருந்தான். அவர் மூளை பொம்மையைக் கவிழ்த்துக் காட்டி விளக்கியது அவன் மனதில் அப்படியே நின்றது.

"காளியண்ணே, வாராவாரம் என்ற வண்டியில எறங்குறீங்க. கொண்டை ஊசி வளைவுல நான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டேவா வாரேன்?"

"எவன் மிதிப்பான்? செகண்ட் கியர்ல விடுவே. பிரேக்கையே மிதிச்சாச் சூடேறிப் புடிக்காமப் போயிரும்."

"போனா?"

"அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குப் பறந்துதான் போவோணும்."

"இவன் விசயமும் அப்படித்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. மூளைக்கு அடியில கட்டைவிரல் தடிமன்ல ஒரு தண்டு இருக்குதுங்க. நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்கோணும், எப்பத் தூங்கோணும், எப்ப உஷாரா இருக்கோணும், அதுக்கெல்லாம் கியரு அங்கதான். மேல, வாதுமைக் கொட்டையாட்டம் ஒண்ணு ஆபத்துன்னு ஹாரன் அடிக்கும். நெத்திக்குப் பின்னால இருக்கறது, பொறு ஒண்ணுமில்லைன்னு சொல்லும். இப்படி அடிக்கிற புள்ளைகளுக்கு அந்தத் தண்டு சராசரியாக் கொஞ்சம் சிறுசா இருக்குதுன்னு படமெடுத்துப் பாத்திருக்காங்களாம்."

"அருளுக்கும் சிறுசா?" என்றார் காளியண்ணன்.

"ஒருத்தனைப் படமெடுத்து அதைச் சொல்ல முடியாதாம். அதுதான் காரணமான்னும் இன்னும் தெரியாதாம். ஆனா மாத்திரை பிரேக்கு மாதிரி, இவனுக்குப் புடிக்கல. நீங்க இறுக்கறதும் பிரேக்குத்தான். எறக்கத்துல கியரைக் குறைக்கத் தெரிஞ்ச ஊரு, இவன்கிட்ட மட்டும் ஏன் பிரேக்கையே மிதிக்குது?"

அப்போது மைக்செட்காரன் எதையோ திருகினான். ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. அம்மா இருசாயியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள் அலறி எழுந்தான். நாலு பேர் பாய்ந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க."

மாதேஸ்வரன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். இருசாயி கையை விரித்துக் கூட்டத்தை மறித்து நின்றாள். மாதேஸ்வரன் மகனுக்கு எதிரே மெல்ல உட்கார்ந்தான். அருளின் கைமுட்டி அவன் காதின் மேல் இறங்கியது. மாதேஸ்வரன் கையைத் தூக்கவில்லை. பேசவுமில்லை. அருள் தன் மணிக்கட்டைக் கடித்தான், முன்னும் பின்னும் ஆடினான். வெகு நேரம். பிறகு மூச்சு, இறக்கத்தில் கியர் மாறிய வண்டி போல, இரைச்சலோடே தணிந்தது.

"உன்னையே அடிச்சுட்டானே" என்றார் காளியண்ணன்.

"அடிச்சான். நாளைக்கும் அடிப்பான். கட்ட மாட்டேன்." காது இன்னும் ரீங்காரமிட்டது.

"அப்போ நோம்பிக்கு இவனைக் கூட்டிட்டு வராதே" என்றார் குப்புசாமி.

இருசாயி திரும்பினாள். "வருவானுங்க. ஸ்பீக்கரை அந்தப் பக்கமாத் திருப்பிக் கட்டச் சொல்லுங்க, சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்க. மாட்டீங்கன்னா, சாமி ஊர்கோலத்துக்கு வேற வண்டி பாத்துக்கோங்க."

ஊரில் வேறு வண்டி இல்லை.

மாதேஸ்வரன் எழுந்து காளியண்ணன் கையிலிருந்து சங்கிலியை வாங்கினான். வண்டிக்குப் போய்ப் பின்கதவில் இரண்டு முனையையும் மாட்டி, இழுத்துப் பார்த்தான்.

"நாளைக்குக் கிழங்கு ஏத்தோணும்" என்றான்.

குப்புசாமி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருசாயியிடம் கேட்டார்:

"அந்தப் பக்கம்னா, எந்தப் பக்கம்?"