பசுமை விழாவின் எச்சில் தட்டுகள்

பசுமை விழா முடிந்த மறுநாள் காலையிலிருந்து பாத்திரம் கழுவுகிறவளின் இரண்டு கைகளிலும் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. துடைத்தாலும் நிற்கவில்லை, வெயிலில் நீட்டினாலும் காயவில்லை. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, ஈரத்தில் நிற்காதே என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். ஈரத்தில் நிற்காமல் அவள் வேறெங்கே நிற்பது?

அந்த வருடம்தான் நாட்டுப்புறக் கலைவிழாவுக்குப் பசுமைப் பித்து பிடித்திருந்தது. தூக்கி எறியும் தட்டுக்குத் தடை, எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஊரே தின்ற தட்டை யார் கழுவுவது என்று விழாக் குழுவில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மைதானத்தை ஒட்டி அவள் வீடு இருந்தது, போதாதா? சோப்பு மண்ணுக்குக் கெடுதல் என்று அதையும் பிடுங்கிக்கொண்டு சாம்பலைக் கொடுத்தார்கள். நிறைமாதக்காரி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தாள். கூட ஒரு ஆளாவது அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, மேடையிலிருந்து இறங்கி வந்த விழாக் குழுத் தலைவர், "இது சேவைம்மா. பூமிக்காகச் செய்யறோம்" என்றார். செய்யறோமாம்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பல வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளையை அவளால் தூக்க முடியவில்லை. தொட்டால் துணி நனைந்து, குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. பால் கொடுக்கும்போது புருஷன் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வான். அவள் கைகளைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அழுவாள். விஷயம் கேள்விப்பட்டு வந்த தலைவர் அவளை மரக்கன்று வரிசையோரம் நடக்கவிட்டார். கன்றுகள் தழைத்தன. நீர் சிக்கனத்துக்காக ஊருக்கு விருது கிடைத்தது. பத்திரிகைப் படத்தில் தலைவர் முழுசாக இருந்தார், அவளுக்குக் கைகள் மட்டும் இருந்தன.

அடுத்த விழாவில் அவள் ஊர்த் தட்டு கழுவக் குழாயடியில் உட்காரவில்லை. பந்தியில் உட்கார்ந்து, கையிலிருந்து சொட்டியதில் ஊறிய சோற்றைக் கடைசிப் பருக்கை வரை தின்றாள். பிறகு தன் தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்தாள்.

"மத்தது எல்லாம் யாரு கழுவறது?" என்று தலைவர் கத்தினார்.

"தின்னவங்க."

வீட்டு வாசலை எட்டுவதற்குள் அவள் கைகள் காய்ந்துவிட்டன. தட்டைப் போட்டுவிட்டுப் போனவர்களின் கைகள் சொட்டத் தொடங்கின. கடைக்காரரின் கல்லாவில் நோட்டு நனைந்தது, மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டே வந்து அவரவர் தட்டைத் தேய்த்தார்கள். தேய்த்தவர் கை காய்ந்தது.

தலைவர் மட்டும் வரவில்லை. மானப் பிரச்சினை. பசுமைக் கூட்டங்களுக்கு இன்றும் துண்டோடு போகிறார். கையெழுத்துப் போட்டால் மை ஓடுகிறது, பக்கத்து நாற்காலிக்காரர் காலை இழுத்துக்கொள்கிறார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் தட்டு எச்சில் காய்ந்து குழாயடியிலேயே கிடக்கிறது. வேலைக்குப் போகும்போது அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாள்.