ஒரு காதுக்கு மட்டும்

ஜூன் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. விடியற்காலையில் பெய்த மழை ஓய்ந்துவிட்டது. ஆயினும் வெயில் எழவில்லை. காற்றும் அசையவில்லை. ஈரத்துணியை முகத்தின்மீது பிடித்தாற்போன்ற புழுக்கம் தெருவெங்கும் நிறைந்திருந்தது. அத்தகைய நாளில் நாங்கள் மூவரும், அதாவது நானும் என் மனைவியும் எங்கள் மகளும், மின்னணுப் பொருள்கள் விற்கும் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

வாங்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கல்லூரியில் சேரவிருக்கும் மகளுக்கு ஒரு மடிக்கணினி. இரண்டாவது, மனைவிக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்று. முன்னது மகளின் விருப்பம். பின்னது முற்றிலும் என் விருப்பம். என் மனைவி மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் பணிபுரிகிறாள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வெள்ளை விளக்கின் கீழே அட்டைகள் நகர்ந்துகொண்டே வரும். குழி காலியாக இருப்பதையும் மாத்திரை உடைந்திருப்பதையும் கண்டு பொறுக்கி எடுக்க வேண்டும். பேச அனுமதி இல்லை. கைபேசியில் படம் எடுக்கலாம் என்பதால் அதனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சென்ற மாதம் நிர்வாகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. கேமரா இல்லாத பாட்டுக் கருவியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு காதில் மட்டுமே மாட்ட வேண்டும். அபாய மணி கேட்பதற்காக மற்றொரு காது திறந்திருக்க வேண்டும். இச்செய்தியை மகள் வாயிலாக அறிந்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். “எனக்கெதுக்குங்க அதெல்லாம்?” என்று மனைவி மும்முறை மறுத்தாள். தனக்கென்று எது வாங்கினாலும் மறுப்பது அவள் இயல்பு என்று கருதினேன்.

விற்பனைக்கு நின்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எங்கள் மகளுக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர். அப்பெயர் ஏன் வந்தது என்பதை அந்தப் பெண்மணி ஐந்தே நிமிடங்களில் அறிந்துகொண்டார்.

“சார்ஜ் எட்டு மணி நேரம் நிக்கும்மா இது.”

“என்ன பண்ணிட்டிருந்தா எட்டு மணி நேரம்? மூடி வச்சிருந்தாவா?”

“சாதாரணமா எழுதிட்டு, படிச்சிட்டு இருந்தா.”

“வீடியோ பாத்தா?”

“அஞ்சு.”

“அதச் சொல்லுங்க மொதல்ல. அதத்தான் நாங்க பாக்கப் போறோம்.”

பெண்மணி சிரித்துவிட்டார். “இந்தப் பொண்ண யாரு சார் வளத்தது?” என்று என்னைக் கேட்டார். “நாங்க வளக்கல மேடம், அவதான் எங்கள வளக்கறா,” என்றாள் என் மனைவி. மகள் ஒவ்வொரு மடிக்கணினியையும் ஒற்றைக் கையால் தூக்கி எடை பார்த்தாள். விசைப்பலகையில் தன் பெயரை அடித்து அழித்தாள். திரையைப் பின்னோக்கிச் சாய்த்து, கீல் தளர்ந்திருக்கிறதா என ஆராய்ந்தாள். அதில் மட்டும் என் பிள்ளை என்று மகிழ்ந்தேன். நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கீல், கம்பி, உருளை ஆகியவற்றோடுதான் என் வாழ்க்கை. கதவு மூடும் ஓசையைக் கேட்டே எந்தத் தளத்தில் எந்த உருளை தேய்ந்துள்ளது என்று சொல்லிவிடுவேன். என் செவியைக் குறித்து எனக்குச் சிறிது கர்வமும் உண்டு. இறுதியில் சாம்பல் நிற மடிக்கணினி ஒன்று தேர்வாயிற்று.

“அடுத்து இவங்களுக்கு,” என்று நான் மனைவியைச் சுட்டினேன்.

“அம்மாவுக்கு வேணாம்னா விடுங்களேன் அப்பா,” என்றாள் மகள். சற்றுமுன் அவ்வளவு உரக்கப் பேசியவளின் குரல் தணிந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

பாட்டுக் கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. அவற்றுள் தீப்பெட்டி அளவே இருந்த ஒன்றைத் தேர்ந்தேன். சட்டையில் குத்திக்கொள்ளப் பின்புறம் கவ்வி இருந்தது. தொழிற்சாலை விதியைச் சொன்னதும் பெண்மணி, “ஒரு காதுக்கு மட்டும்தானா? அந்த மணி எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார்.

“உக்காந்தா வலது கைப் பக்கம்,” என்றாள் மனைவி.

“அப்போ வலது காது திறந்திருக்கணும். இடது காதுல மாட்டிக்கங்க. போட்டுப் பாருங்க மேடம்.”

மனைவி சிறிது தயங்கினாள். பிறகு கூந்தலை ஒதுக்கி, கறுப்பு மொட்டுப் போன்ற அந்த இயர்ஃபோனை இடது காதில் பொருத்திக்கொண்டாள். பெண்மணி மூக்குக் கண்ணாடியை மாட்டி, கருவியின் சிறு பொத்தான்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி தலையை மெல்ல அசைத்தாள். முகத்தில் புன்னகை மலர்ந்தது. “நல்லா இருக்கு,” என்றாள். “தெளிவா இருக்கு. இதுவே போதும்.”

பெண்மணி நிமிர்ந்தார். “நான் இன்னும் பாட்டே போடலையே மேடம்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “வக்கீலம்மா, பாத்தியா ஒங்கம்மாவ! வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, போடாத பாட்டுக்குத் தலையாட்டறா.” மகள் சிரிக்கவில்லை. பெண்மணி பாட்டை ஓடவிட்டார். மனைவியின் முகத்தில் அதே புன்னகை, அதே தலையசைப்பு. பெண்மணி ஒலியைக் கூட்டினார். மேலும் கூட்டினார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே தாளம் கொசு ரீங்காரம் போலக் கேட்டது. அவ்வளவு ஓசையைச் செவிக்குள் வாங்கியவள் கண்கூட இமைக்கவில்லை. “சத்தம் போதுமா?” என்று பெண்மணி கேட்டபோது, “பாட்டு வந்திருச்சா?” என்று அவள் மிகவும் மெதுவாக வினவினாள்.

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

“அப்பா,” என்றாள் மகள். “உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?”

“எது?”

“அம்மாவுக்கு அந்தக் காது கேக்காது. சுத்தமா. எனக்கு ஆறு வயசுலேந்து தெரியும். ரகசியம் சொல்லணும்னா இந்தப் பக்கம் வாடின்னு அம்மாதான் சொன்னாங்க. உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்? இப்ப இயர்ஃபோன்னு நீங்க கூட்டிட்டு வந்தப்பதான் ஒருவேள தெரியாதோன்னு...”

மனைவி இயர்ஃபோனைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தாள். அது அங்கே கிடந்து பாடிக்கொண்டிருந்தது. பெண்மணி அதனை அணைத்துவிட்டு, “வாம்மா, லேப்டாப்புக்குப் பை பாப்போம்,” என்று மகளைக் கடையின் மறுகோடிக்கு அழைத்துச் சென்றார். எங்கள் அருகில் இரண்டு முக்காலிகள் இருந்தன. நாங்கள் எதிரெதிரே அமர்ந்தோம்.

“ஒம்பது வயசுல காய்ச்சல் வந்து போனது,” என்றாள் அவள். “போற வீட்டுல சொல்லாதன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. மொத வருஷம் பயம். அப்புறம் வெக்கம். அதுக்கப்புறம் சொல்லணும்ங்கறதே மறந்துபோச்சு. ஒங்களுக்குக் குறைன்னு ஒண்ணும் வரலையே? லிஃப்ட் குழிக்குள்ள கத்திக் கத்திப் பழகின தொண்டை ஒங்களுது. ஊருக்கே காதுல விழும்.”

பத்தொன்பது ஆண்டுகள். தெருவில் எப்போதும் என் இடப்புறமாகவே நடப்பாள். அது அவளுடைய அடக்கம் என்று எண்ணியிருந்தேன். நான் சமையலறை வாசலில் நின்று முணுமுணுக்கும் சுடுசொற்களுக்கு ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை. அது அவளுடைய பொறுமை என்று உடன் பணிபுரிவோரிடம் பெருமை பேசியிருக்கிறேன். இவை யாவும் ஒவ்வொன்றாக என் கண்முன்னே இடம் மாறி உட்கார்ந்தன. அதுவரை வியப்புத்தான். அதற்கு அடுத்த கணத்தில்தான் ரயில் நினைவுக்கு வந்தது.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை மாலை, வேறோர் ஊரின் மருத்துவமனையிலிருந்து செவிலியர் ஒருவர் என்னை அழைத்தார். என் மனைவியின் தாயார் அபாய நிலையில் இருப்பதாகவும், என் மனைவியை உடனே அழைத்து வருமாறும் சொன்னார். அவளிடம் அப்போது கைபேசி இல்லை. மறுநாள் காலை எனக்கு மெக்கானிக் சான்றிதழுக்கான தேர்வு. இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறையாக எழுதவிருந்தேன். இதற்கு முன்னரும் இருமுறை அபாயம் என்று அழைத்திருக்கிறார்கள். இருமுறையும் அந்த அம்மையார் எழுந்து உட்கார்ந்து எங்களை ஏசியிருக்கிறார். ஓர் இரவில் என்ன ஆகிவிடும் என்று கருதினேன். வெள்ளி நண்பகலில், தேர்வு எழுதி முடித்த பின்னர், “இப்பதான் போன் வந்துச்சு” என்று அவளிடம் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை. வெள்ளி மாலையே எல்லாம் முடிந்திருந்தது. பகல் முழுவதும் நினைவோடு இருந்தாராம். வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் தன் மகள் வந்துவிட்டாளா என்று கேட்டாராம். தேர்வில் நான் வெற்றி பெற்றேன். அந்தச் சான்றிதழ் எங்கள் கூடத்துச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. வாரந்தோறும் அதைத் துடைப்பவள் அவளே.

திரும்பும் ரயிலில் எண்ணிட்ட இருக்கைகள். அவளுக்குச் சன்னலோரம், சன்னல் அவளுடைய வலப்புறம். நான் அவளுக்கு இடப்புறம். ஏழு வயது மகள் எதிரிலே உறங்கிக்கொண்டிருந்தாள். அங்கே, என் முழங்கால்களைப் பார்த்தபடி, எனக்குப் பழக்கமில்லாத தாழ்ந்த குரலில், யாவற்றையும் அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவள் சன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. நெடுநேரம் கழித்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்தாள். மன்னிப்பு என்பது இவ்வாறுதான் இருக்கும் போலும் என்று எண்ணி அதைத் தின்றேன். அன்று முதல் அவளிடம் கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. மன்னிக்கப்பட்டவன் என்னும் நினைப்பின்மேல்தான் பதினொரு ஆண்டுகளை ஒவ்வொரு தளமாகக் கட்டியிருந்தேன். அடியில் தரையே இல்லை என்பதை இப்போது, ஒரு கடையின் முக்காலியில், புதுப் பிளாஸ்டிக் வாடையின் நடுவே அறிகிறேன்.

“ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? கோவமா?”

“இல்ல.” என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது. “அந்தப் பக்கம் உக்காந்து நான் ஒங்கிட்ட எப்பவாவது ஏதாவது பேசிருக்கேனா?”

அவள் யோசித்தாள். “விட மாட்டேனே நான். எங்க போனாலும் எடம் பாத்துத்தான் உக்காருவேன்.” பிறகு அவள் முகம் மாறியது. “ஒரே ஒரு தடவ. அம்மா போனதுக்கப்புறம், ரயில்ல வரும்போது.”

நான் தலையசைத்தேன்.

“ஏதோ முணுமுணுன்னு சொல்லிட்டு வந்தீங்க. ஒண்ணும் காதுல விழல. சன்னல் கண்ணாடியில ஒங்க முகம் தெரிஞ்சுது. அழுதுட்டிருந்தீங்க.” அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதுவரைக்கும் ஒங்கள எனக்கு அவ்வளவாப் பிடிக்காதுங்க. இப்ப சொன்னா என்ன? இருந்தேன், அவ்வளவுதான். ஆனா எங்கம்மாவுக்காக அவங்க சொந்தத் தம்பிகூட அப்படி அழல. திரும்பி என்னன்னு விசாரிச்சா அழுகைய நிறுத்திருவீங்களோன்னு, பாக்காத மாதிரியே உக்காந்திருந்தேன். இந்த ஆளுகூட இருந்துரலாம்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்.”

கடையின் மறுகோடியில் மகள் ஒரு பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது ஆறு மாசத்துல பல்லு விட்ரும் ஆன்ட்டி” என்றாள். பெண்மணி ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தனர். பொய்யுரைப்பது அந்தக் கணத்தில் எனக்கு மிகவும் எளிது. ‘உங்கம்மா நல்லவங்கன்னு சொன்னேன்’ என்று மூன்று சொற்களில் முடித்துவிடலாம். அவளும் நம்புவாள், நாங்கள் மூவரும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், வரும் சனிக்கிழமையும் அவள் அந்தச் சான்றிதழைத் துடைப்பாள்.

“என்ன சொன்னீங்க அன்னைக்கு?” என்றாள் அவள்.

நான் முக்காலியை விட்டு எழுந்தேன். அவளைச் சுற்றி நடந்து, அவளுடைய வலப்புறத்தில் குந்தி அமர்ந்தேன். என்னவோ கொஞ்சல் என்று எண்ணினாள் போலும். நாணத்தோடு சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்து, கூந்தலைக் கையால் ஒதுக்கிப் பிடித்து, காதை என்னிடம் நீட்டினாள். மருந்துத் தூளின் கசந்த மணம் அந்தக் கூந்தலில் இருந்தது. காது மடலில் சிறிய கல் தோடு. கதவருகே யாரோ நின்று குடையை உதறினார்கள். வெளியே மீண்டும் மழை பிடித்திருக்க வேண்டும்.

“வியாழக்கிழமை சாயங்காலமே போன் வந்திருச்சு,” என்றேன்.

கூந்தலைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. அவளுடைய தோளுக்கு அப்பால் காட்சிக்கு வைத்திருந்த மடிக்கணினிகள் மூன்று வரிசையாகத் திறந்து கிடந்தன. எல்லாத் திரைகளிலும் ஒரே நீலக் கடல். எல்லாத் திரைகளின் மூலையிலும் ஒரே நேரம். பகல் மணி பன்னிரண்டு நாற்பத்தேழு.