கேட்டால் சொல்ல வேண்டிய பெயர்

கணவர் இப்ராம்சா மவுத்தாகி எழுபது நாள். கொடைக்கானல் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த வீட்டில் சபுரா, புருஷனை இழந்தவள் அனுசரிக்கும் 'இத்தா'வில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. அழுகையெல்லாம் என்றைக்கோ வற்றிப்போயிற்று. அடுப்பில் கை சுட்டால்கூடச் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்கு வேண்டியிருந்தது. ஓட்டு. நிற்கிற ஆளுக்கு ஒரு பெட்டி வைத்து ஓட்டு வாங்கிய காலம் அது. லிஸ்டில் 'இப்ராம்சா பெண்சாதி' என்று குமாஸ்தா எழுதியிருந்ததை, அந்த மனுஷன் மூன்று தரம் ஆபீசுக்கு நடந்து 'சபுரா' என்று மாற்ற வைத்தார். பொம்பளைக்குப் பேர் இல்லையா என்ன! படுக்கையில் கிடந்தபோதும், "அந்த மண்டிக்காரன் சேனாதிபதிக்கு மட்டும் போட்டுராத புள்ள" என்றார்.

பூத்தில் புருஷன் பேர் கேட்பார்களாம். கட்டின நாளிலிருந்து அவள் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. பத்து நாளாக அடுப்படியில் தனியாக நின்று, உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகினாள்.

ஓட்டு நாளன்று கொழுந்தன் அமானுல்லா திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். அண்ணன் மவுத்துக்கு அய்யம்பாளையத்திலிருந்து வந்து, அப்படியே அண்ணன் கடையில் உட்கார்ந்தவன். இப்போது சேனாதிபதிக்கு வலது கை.

"வெரசா போட்டுட்டு வந்துர்றேன் தம்பி. பள்ளிவாசல் அசரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"இத்தாவுல எங்கிட்டுப் போறது மைனி? பேசாம இருங்க. அந்தச் சோலிய நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டான், பாவி!

மத்தியானம் அவன் மனைவி பதுருன்னிசா கஞ்சியோடு வந்தாள். வெள்ளைத் துப்பட்டி, தெருவில் இறங்கியிருந்த மேகத்தில் நனைந்திருந்தது. கிண்ணத்தை வைத்த இடது கை விரலில் கறுப்பு மை. அவளுக்கு இந்த ஊரில் ஓட்டே கிடையாது.

"எம் பேரச் சொன்னியா?" என்றாள் சபுரா.

பதுருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். "அவுகதான் போகச் சொன்னாக அக்கா. பூத்துல சபுரான்னு கூப்புட்டாக, போனேன்."

"எந்தப் பொட்டியில போட்ட?"

"சேனாதிபதி பொட்டியில."

"புருசன் பேரு கேக்கலையா?"

"கேட்டாக. நம்ம பொம்பளைக சொல்ல மாட்டோமுல்ல, சும்மா நின்னேன். அவுகளே 'இப்ராம்சாதானே'ன்னாக. தலைய ஆட்டுனேன்."

சபுராவுக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் இருந்தது.

"இப்ராம்சா" என்றாள், சத்தமாக.

பதுருன்னிசா திடுக்கிட்டு வாயைப் பொத்தினாள். "அய்யய்யோ, என்னக்கா இது!"

"நான் போயிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் சபுரா. பிறகு கஞ்சியை எடுத்துக் குடித்தாள். அதில் உப்பில்லை. அவள் கேட்கவும் இல்லை.