சுவரான ஆய்வுக்கூடம்

அறிவியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்ற கருத்துக்கணிப்பின் முடிவு வெளியான மறுநாள், ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடத்தின் கதவு சுவராகியிருந்தது. பூட்டித் தொலைத்திருந்தால் சாவி தேடலாம், கதவே இல்லையே! காவலாளிகள் தட்டிப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். கணிப்பில் கடைசியாக வருவது இப்படிப் போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். முந்தைய கணிப்பில் பள்ளித் தோட்டங்கள் சிமெண்ட் தரையானபோதும் யாரும் வாய் திறக்கவில்லை.

கணிப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவளுக்குத்தான் அந்த முடிவை நம்ப முடியவில்லை. வீட்டில் வாயாடி என்று பெயரெடுத்த அவள் மகள், ஆய்வுக்கூடத்துக்காகவே பள்ளிக்குப் போகிறவள். வெங்காயத்தோலை நுண்ணோக்கியில் பார்த்த அன்று சோறு தண்ணீர் மறந்து அதையே பேசியவள். தாய் விடைத்தாள்களை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் படிக்காமலே குறித்துத் தள்ளுகிறார்களா என்று கண்டுபிடிக்கச் சில கேள்விகளை எதிர்மறையாக வைப்பது வழக்கம். இந்த முறை ஆய்வுக்கூடத்தின் கேள்விகள் அத்தனையும் அப்படி அமைந்துவிட்டன. ‘சோதனை செய்வது எனக்குச் சலிப்பு’ என்பதற்கு ‘இல்லவே இல்லை’ என்று குறித்தால் ஐந்து மதிப்பெண். கூட்டிய புண்ணியவான் ‘இல்லை’யைப் பார்த்ததும் ஒன்று போட்டிருந்தான். ஆய்வுக்கூடம் என்றால் உயிரை விடும் பிள்ளைகளெல்லாம் வெறுப்பவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

“தப்புதாம்மா, நான் இல்லைங்கலை,” என்றார் கணிப்பு அலுவலக இயக்குநர். “ஆனா முடிவு வெளியாயிடுச்சே. இனி அந்தச் சுவத்துக்கிட்ட யாரு போய்ச் சொல்றது?”

அவளே போய்ச் சொன்னாள். திருத்திய முடிவை ஒவ்வொரு பள்ளியாகப் போய்ச் சுவர் முன் நின்று சத்தமாகப் படித்தாள். சுவர் சுவராகவே இருந்தது.

அடுத்த கணிப்பு வர நான்கு வருடமாயிற்று. அதற்குள் அந்தச் சுவர்களில் ஆணி அடித்துக் கால அட்டவணை மாட்டிவிட்டார்கள். இம்முறை கேள்விகளை அவளே எழுதினாள், ஒளிவுமறைவில்லாமல், நேராக. மகள் பள்ளியில் குறித்துவிட்டு வந்த அன்று வாசலிலேயே மறித்துக் கேட்டாள்.

“ஆய்வுக்கூடத்துக்கு என்னடி போட்ட?”

“பிடிக்கவே பிடிக்காதுன்னு.”

“உனக்கா பிடிக்காது?”

“போன தடவை பிடிக்கும்னுதாம்மா போட்டேன். போட்டதும் கதவு போச்சு. எங்க வகுப்புல எல்லாரும் அப்படித்தான். சின்னப் பசங்களுக்கு அது என்னன்னே தெரியலை.”

விடைத்தாள்கள் வந்து சேர்ந்ததும் அவளே பிரித்தாள். அலுவலகத்தில் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். எங்கும் ஒரு பிழை இல்லை. ஆய்வுக்கூடம்தான் கடைசி. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கடைசியாக வந்தது ஏற்கெனவே சுவராக இருந்ததால், அந்த ஆண்டு பள்ளிகளில் எதுவும் மாறவில்லை.