வாசல் பக்கத்து நாற்காலி

1.
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பள்ளி மாணவர்களை வேலைக்குத் தயார்செய்யும் தன்னார்வலர்களுக்கான படிவத்தில், 'கூச்சமில்லாமல் பேசுவீர்களா?' என்ற கேள்விக்கு அவள் 'ஆம்' என்று குறியிட்டாள். (அவள் என்றால் நான்தான். 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

2.
முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்...

வேண்டாம். அன்று மழையே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், நாள் முழுக்க வாய் திறக்காமல் ஓட்டிவிடுவாள். சோதனைக் குழாய்கள் எதிர்க்கேள்வி கேட்காது.

சரி, இது இருக்கட்டும்.

3.
அவளிடம் ஒப்படைக்கப்பட்ட மாணவியை வகுப்பே 'கப்சிப்' என்று கூப்பிட்டது. இரண்டு நேர்காணல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பியவள். மூன்றாவது, மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்.

ஒத்திகைக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கேள்வித்தாள். நம்மவள் பழக்கதோஷத்தில் வாசல் பக்கத்து நாற்காலியில், அதாவது வேலை கேட்பவர் நாற்காலியில்*, உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த கப்சிப் மிச்சமிருந்ததில் உட்கார்ந்தாள். கேள்வித்தாள் கப்சிப் பக்கம் இருந்தது.

இருவரும் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

* ஓடிவிட வசதியான இடம்.

4.
"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்று கப்சிப் தாளைப் பார்த்துப் படித்தாள்.

"நான்... வந்து... ரத்தம்."

"ரத்தமா?"

"டெஸ்ட் பண்றேன்மா. குடிக்கல."

கப்சிப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பயப்படாதீங்கக்கா. தண்ணி வேணுமா?"

"வேணும்."

"உங்க பலவீனம் என்ன?"

"இதான்."

"இப்படிக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா யாரு வேலை தருவாங்கக்கா? நிமிருங்க! இன்னொரு தடவ சொல்லுங்க."

ஆறாவது தடவையில் கப்சிப் தலையசைத்தாள். "நாளைக்கே வந்து சேந்துக்கங்க."

நம்மவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு ஏற்கெனவே வேலை இருப்பதும், கப்சிப் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லிப் பழகவில்லை என்பதும் தெருமுனையில்தான் உறைத்தது.

5.
முடிவு அ: கப்சிப்புக்கு வேலை கிடைத்தது. (திகட்டுகிறது.)

முடிவு ஆ: கிடைக்கவில்லை. (பிறகு நான் எந்த முகத்தோடு அவளை...)

நடந்தது இவ்வளவுதான். பத்து மணிக்குக் கடை முதலாளி தன் அறைக்குள் வந்தபோது, கப்சிப் ஒத்திகையில் தனக்குப் பழகிய எதிர்ப்பக்க நாற்காலியில் இருந்தாள். அது அவருடையது. அவளுக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை. வாய் வந்தது.

"வாங்க சார், உக்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

முதலாளி வாசல் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் பதிலை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். ஆகவே அவர் எழுந்துகொள்ளட்டும். அங்கே நீங்கள் உட்காருங்கள். வேலை கொடுப்பதும் கொடுக்காததும் இனி உங்கள் பாடு. கப்சிப் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"பயப்படாதீங்க. தண்ணி வேணுமா?"